என் கோரு உடையாது

உலைப் பக்கந்தான் மேடம். நான் அடிச்சுச் சொல்றேன், கோளாறு உலைப் பக்கந்தான்... இல்ல, அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, அதுக்கு ஒரு காலு கட்டை. இதுல உக்காருங்க. இருங்க, மணலத் தட்டிடறேன். இந்த ரூம்ல எங்க உக்காந்தாலும் மணல்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனா என் சம்சாரம் என்னை வாசல்லயே நிக்க வெச்சு, பாயத் தட்டற மாதிரி தட்டிட்டுத்தான் உள்ள விடுவா. அப்படியும் சாப்பாட்டுல நறநறன்னு ஏதாவது மாட்டும். மாட்டினா நானே பேசாம முழுங்கிடுவேன். அது நான் கொண்டு வந்ததுதானே.

நான் கோள் சொல்றேன்னு மட்டும் நெனைக்காதீங்க. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. காலைலேந்து கம்பெனி பூரா சுத்திட்டு கடைசியா, மணல்ல கோரு செய்யற இந்த ரூமுக்கு வந்திருக்கீங்க. உலைகிட்ட ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தீங்க. இந்தக் கண்ணாடி ஜன்னல் வழியாப் பாத்தேன். பாக்கணும்னு பாக்கல, கண்ணு அந்தப் பக்கம் போச்சு. உலைக்காரரு ஏதோ சொன்னாரு, நீங்க தலைய ஆட்டினீங்க. என்ன சொன்னாருன்னு நான் கேக்கல. கேக்கறதும் மரியாதை இல்ல... என்ன சொன்னாரு?

சரி, வேணாம். சொல்ல வேணாம்.

டீ போடறேன். வேணாம்னு சொல்லக் கூடாது. அந்த மூலைல இருக்கே அடுப்பு, கோரு மேல பூசற பூச்சக் காய வெக்கறதுக்குன்னு வாங்கினது. அது பாட்டுக்கு அதையும் காய வெக்கும், நமக்கு டீயும் போட்டுக் குடுக்கும். சர்க்கரை எவ்வளவு? தாராளமாச் சொல்லுங்க, இங்க அதுக்குப் பஞ்சமே இல்ல. ஆபீஸ் ரூம்ல பாருங்க, கரண்டி நுனில எடுத்து, மருந்து மாதிரி போடுவாங்க. மொதலாளியே சில நாளு இங்க வந்து நின்னுக்கிட்டே ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போவாரு. "உன் டீய அடிச்சிக்க ஆளே இல்லய்யா"ம்பாரு. என் கோரைப் பத்தியும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தாரு. நேத்து வரைக்கும்.

நேத்து எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சாரு. உங்க பம்ப் கம்பெனிக்கு நாங்க வார்த்து அனுப்பற அலுமினியக் கூடு எல்லாம் வெடிச்சு வெடிச்சு திரும்பி வருதே, அதப் பத்திப் பேச்சு. "நாளைக்கு அந்தக் கம்பெனிலேந்து ஒரு அம்மா வருவாங்க. உலையா, கோரான்னு அவங்க பாத்துச் சொல்லட்டும். யாரு பக்கம் கோளாறோ, அவரு சாயங்காலம் பைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம். திரும்பி வர வேணாம்"னு சொல்லிட்டாரு. சொல்லிட்டு என்னை ஒரு பார்வை, உலைக்காரரை ஒரு பார்வை. மத்தவங்க எல்லாம் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. நான் கூரையப் பாத்தேன். அவரு தன் கையுறையப் பாத்தாரு. பாத்துட்டு அத மாட்டிக்கிட்டுப் போயி உலை மூடியச் சரி பண்ண ஆரம்பிச்சிட்டாரு. அந்த மனுஷன் அப்படித்தான். வீடு பத்தி எரிஞ்சாலும் மொதல்ல கையுறையத்தான் மாட்டுவாரு.

அவரு என் சம்பந்தி மேடம்.

ஆமா. என் பொண்ண அவரு பையனுக்குத்தான் குடுத்திருக்கேன். இந்தக் கம்பெனி சாப்பாட்டு மேஜைலதான் பேசி முடிச்சோம். பேசி முடிச்சோம்னா நான்தான் பேசினேன், அவரு முடிச்சாரு. "சரி"ன்னாரு. அவ்வளவுதான் அவரு பேசினது. மாப்பிள்ளை தங்கமான பையன். பேச்சுல அப்பா மாதிரி. என் பொண்ணு என்னை மாதிரி. வீடு ஒரு மாதிரி சமமாப் போயிட்டிருக்கு.

இப்ப என் நெலமயப் பாருங்க. நீங்க கோருன்னு சொன்னா நான் வீட்டுக்கு. உலைன்னு சொன்னா அவரு வீட்டுக்கு. அவரு வீட்லதான் என் பொண்ணு இருக்கா. நேத்து சாயங்காலம் போன் பண்ணினா. "அப்பா, உன்னால மாமா வேலை போயி வீட்ல உக்காந்தாருன்னா, நான் தெனம் அவருக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சோறு போடுவேன்?"னு கேட்டா. நான் சொன்னேன், அதுக்கு நான் என்னம்மா செய்யறது, அவரு உலை சரியில்ல. "நீ பாத்தியா?"ன்னா. பாக்கணுமா, எனக்குத் தெரியாதான்னேன். அதுக்கப்புறம் அவ ஒண்ணும் பேசல. பேசாம இருக்கறத அந்த வீட்லேந்து கத்துக்கிட்டா போல. எனக்கு அதுதான் கஷ்டமாப் போச்சு. திட்டியிருந்தா கூட நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.

இந்தாங்க டீ. சூடு, பாத்து.

அதனால நான் சொல்றதெல்லாம் சம்பந்திங்கற ஆத்திரத்துல சொல்றதில்ல. தொழிலா சொல்றேன். உருக்கின அலுமினியம் இருக்கே, ஊத்தும்போது தண்ணி மாதிரி ஓடும். ஆற ஆறச் சுருங்கும். நடுவுல ஒரு கட்டம் இருக்கு பாருங்க, தண்ணியும் இல்லாம கல்லும் இல்லாம சகதி மாதிரி நிக்கும். அந்த நேரத்துல அதுக்குத் தெம்பே கிடையாது. காய்ச்சல் விட்டு மொத நாளு எழுந்து நிக்கறவன் மாதிரி. ஆனா சுருங்கறத மட்டும் நிறுத்தாது. அப்பப் பாத்து யாராவது புடிச்சு இழுத்தா கிழிஞ்சிடும். உடையறதுன்னு சொல்லக் கூடாது, கிழியறது. நீங்க பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தீங்களே, வெடிப்போட ஓரம் பிசிறு பிசிறா இருந்துச்சா? உள்ள கறுத்துப் போயிருந்துச்சா? அப்ப சூட்டுலயே கிழிஞ்சிருக்கு. ஆறினப்புறம் வெடிச்சிருந்தா உள்பக்கம் பளபளன்னு இருக்கும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, சம்பந்திதான் சொன்னாரு. நல்லா இருந்த காலத்துல.

இடத்தப் பாருங்க. எப்பவும் ஒரே இடம். கூட்டோட கழுத்துல. அந்தக் கனமான விளிம்பும் மெல்லிசான சுவரும் சேருதே, அங்க. மெல்லிசு மொதல்ல ஆறிடும், கனமானது அப்பவும் சகதியாவே இருக்கும். அதான் அங்க பலவீனம். அப்ப சூட்ட எப்படி வெச்சிருக்கணும்? அளவா வெச்சிருக்கணும். இவரு கொதிக்க விட்டு ஊத்தறாரு. அதான் விஷயம்.

அளந்து பாத்துட்டீங்களா?

சரியாவா இருக்கு? ம். அப்ப அலுமினியத்துல கலக்கறாங்களே, அந்தக் கலவை. பழைய இரும்புச் சாமான் கடைக்காரன் மாதிரி என்னத்தையாவது போட்டு... அதையும் சோதிச்சீங்களா. சுத்தமா இருக்கா. பரவால்ல. அப்ப காத்துல ஈரம் மேடம். இந்த ஊரு ஈரம் இரும்பையே தின்னும். அதுவும் இல்லையா? உங்களுக்கு இவ்வளவு நேரம் எங்கேந்து கெடச்சுது, நான் ஒரு டீ போடறதுக்குள்ள ஒரு மத்தியானம் போயிடுது.

ஒண்ணு சொல்றேன். ஒரு நாளு நான் நேராவே போயிக் கேட்டேன், ஏன் சம்பந்தி இப்படிக் கிழியுதுன்னு. அவரு கரண்டில மேல மிதக்கற கசட ஒதுக்கிக்கிட்டே, என்னைப் பாக்காமச் சொல்றாரு: "சுருங்கற பொருளு சுருங்கத்தான் செய்யும். உள்ள இருக்கறது கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்." எப்படி இருக்கு பாருங்க. உள்ள இருக்கறது என் கோரு. விட்டுக் குடுக்கணுமாம். விட்டுக் குடுக்கற கோரு என்ன கோரு? அப்ப நான் எதுக்கு இங்க காலைலேந்து மணல்ல கெடந்து சாகறேன்?

கோருன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாததில்ல. இருந்தாலும் நான் சொன்னாத்தான் எனக்குத் திருப்தி. பம்ப் கூட்டுக்குள்ள வெத்தா ஒரு இடம் வேணும், தண்ணி சுத்தறதுக்கு. அந்த வெத்து இடத்த நாங்க மணல்ல செஞ்சு அச்சுக்கு நடுவுல வெக்கறோம். அலுமினியம் அதச் சுத்தி ஓடி உறைஞ்சிடும். அப்புறம் மணலத் தட்டி வெளிய எடுத்துட்டா, உள்ள குழி. அதாவது நான் செய்யறது பொருளே இல்ல, ஓட்டை. என் பேத்திகிட்ட "தாத்தா என்ன செய்யறாரு"ன்னு கேட்டா, "ஓட்ட"ம்பா. அவ அப்பா என்ன செய்யறாருன்னு கேட்டா "ஆபீசு"ம்பா. அந்தத் தாத்தா? "நெருப்பு"ம்பா. நெருப்புக்கும் ஆபீசுக்கும் நடுவுல நான் ஓட்டை.

எனக்கு முன்னாடி இந்த ரூம்ல ஒருத்தன் இருந்தான். பிஸ்கட்டுன்னு பேரு. பேரு வேற, நாங்க வெச்சது அது. ஏன்னா அவன் செய்யற கோரு பிஸ்கட்டு மாதிரி. அடுக்குல வெச்சா முனை போகும். தூக்கினா காது போகும். வண்டில தள்ளிட்டு அச்சுகிட்டப் போறதுக்குள்ள பாதி பொட்டலம் கட்டற மாதிரி ஆயிடும். மொதலாளி அவனத் திட்டாத நாளே கிடையாது. போன வருஷம் வேற கம்பெனிக்குப் போயிட்டான். அப்ப நான் ஊத்தி எடுத்த காஸ்டிங்க சுத்தம் பண்ற பக்கம் இருந்தேன். மொதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீ போயி அந்த ரூமப் பாரு, உடையாத கோரு ஒண்ணு எனக்கு வேணும்"னாரு. நான் வந்தேன். அன்னிலேந்து இந்த ரூம்ல ஒரு கோரு உடைஞ்சதுன்னு எவனாவது சொல்லட்டும், நான் இப்பவே பைய எடுத்துக்கறேன்.

நம்ப மாட்டீங்க. உங்க மூஞ்சி சொல்லுது. இருங்க.

இந்தா, பம்ப் கூட்டுக்கு இன்னிக்குச் செஞ்சது. நல்லாப் பாத்துக்கோங்க, எங்கயும் கீறல் இல்லல்ல? இப்பக் கையை விடறேன்.

சத்தத்தக் கேட்டீங்களா? கோயில் மணி தோத்துச்சு. எடுத்துப் பாருங்க, ஒரு மூலை போயிருக்கா? தரைதான் பேந்திருக்கு. அந்தப் பள்ளம், அதோ அந்தப் பள்ளம், எல்லாம் இப்படி வந்ததுதான். யாரு வந்தாலும் ஒரு தடவ போட்டுக் காட்டுவேன். இப்ப ஏறி நிக்கறேன் பாருங்க. புடிக்க வேணாம், விழ மாட்டேன். என் எடைக்கு என் வீட்டு நாற்காலியே முனகும். இது முனகுதா? மணல் மேடம். வெறும் மணல்.

இப்ப காஸ்டிங்கு சுத்தம் பண்றவங்ககிட்டப் போயிக் கேளுங்க என்னைப் பத்தி. ரெண்டு கையும் எடுத்துக் கும்புடுவாங்க, வேற அர்த்தத்துல. பிஸ்கட்டு காலத்துல காஸ்டிங்க ரெண்டு தட்டு தட்டினா உள்ள இருக்கற மணலு தானா பொலபொலன்னு கொட்டிடும். நானே தட்டியிருக்கேன். இப்ப என் கோரை வெளிய எடுக்க உளி வேணும், சுத்தி வேணும், அப்புறம் ரெண்டு பேரு வேணும், ஒருத்தன் அடிக்க, ஒருத்தன் என்னைத் திட்ட. நான் அதப் பெருமையா எடுத்துக்கிட்டேன். ஆயிரம் திட்டு திட்டட்டுமே. கோரு உடையலன்னுதானே திட்டறான்.

எப்பலேந்து வெடிக்குதுன்னா... அதுவும் ஒரு வருஷம் இருக்கும். பிஸ்கட்டு போன சமயம். இல்ல இல்ல, அவன் போனதுக்கும் இதுக்கும் ஒண்ணும் கிடையாது. அவன் போனதுல நல்லதுதான் நடந்துச்சு. நான் வந்தேன்.

எப்படி இவ்வளவு பலம் வந்துச்சுன்னா கேக்கறீங்க? இதத்தான் கேப்பீங்கன்னு எதிர்பாத்துட்டே இருந்தேன். மொதலாளி கூட ஒரு நாளும் கேட்டதில்ல. அடுக்கப் பாத்தாரு, உடையலன்னாரு, போயிட்டாரு. ரகசியம் எல்லாம் ஒண்ணும் இல்ல. மணலு. சிலிகேட்டு, அது பசை மாதிரி, மணல ஒட்ட வெக்கறது. ரெண்டையும் கலந்து பெட்டில அடைச்சு, குழாய வெச்சு கேஸு விட்டா கல்லு மாதிரி இறுகிடும். எல்லாரும் செய்யறதுதான். ஆனா பிஸ்கட்டு என்ன செஞ்சான் தெரியுமா? கலக்கும்போது அதுல சர்க்கரை போடுவான்.

ஆமா, சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரை. நீங்க சிரிக்கலையே... அவன் இங்க இருந்தப்பவே நான் ஒரு தடவ பாத்துட்டு அப்படிச் சிரிச்சேன். எதுக்குடான்னு கேட்டா, "முன்னாடி ஒரு ஆலோசகர் வந்தப்பச் சொல்லிட்டுப் போனாரு, போடறேன்"னான். ஏன்னு தெரியுமான்னா, தெரியாதுன்னான். அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அவன் தெரியாமப் போட்டான், நான் தெரியாமப் போடல. மணலுக்கு எதுக்கு மேடம் சர்க்கரை? எறும்பா வளக்கறோம்? இதுதான் கோரைப் பிஸ்கட்டாக்குதுன்னு எனக்குத் தோணிச்சு. பிஸ்கட்டுலயும் சர்க்கரைதானே போடறாங்க. நான் வந்த மொத நாளே நிறுத்தினேன். சிலிகேட்ட மட்டும் ஒரு கரண்டி அதிகமாப் போட்டேன். அவ்வளவுதான். மறுநாளு கோரு கல்லு.

ஸ்டோர்காரரு வழக்கப்படி சிலிகேட்டோட கூடவே சர்க்கரை டின்னையும் அனுப்பிட்டேதான் இருக்காரு. திருப்பி அனுப்பலாம். அனுப்பினா அந்த மனுஷன் "வேணாம்னு சொன்னவன்தானே"ன்னு அடுத்த தடவ சிலிகேட்டையும் சேத்து நிறுத்திடுவாரு. அவரு குணம் அப்படி. வீணாப் போட மனசு வருமா? அதான் டீல போட்டுட்டேன். வீட்டுக்கு ஒரு கரண்டி கொண்டு போனதில்ல, பேத்தி மேல சத்தியம். எல்லாம் கம்பெனி சர்க்கரை, கம்பெனி ஆளுங்க வயித்துலதான். நீங்க குடிச்சதும் அதுதான்.

டீய ஏன் மேடம் கீழ வெச்சிட்டீங்க?

பிஸ்கட்டு செஞ்ச பழைய கோரா? இருக்கு, ஒண்ணே ஒண்ணு இருக்கு. அலமாரி மேல. அவனப் பத்திப் பேச்சு வந்தா எடுத்துக் காட்டிச் சிரிக்கறதுக்கு வெச்சிருக்கேன். இந்தாங்க, மெதுவாப் புடிங்க, பாத்தாலே முனை போயிடும்... அடுப்புலயா? ரெண்டையுமா? எதுக்கு மேடம்? இல்ல, வெக்கறேன். நீங்க சொன்னா வெக்கறேன். இது பிஸ்கட்டு. இது நான், அடுக்குலேந்து இன்னொண்ணு. தீய நல்லாக் கூட்டிட்டேன். ஒண்ணும் ஆகாது பாருங்க, என்னோடது. உருக்கின அலுமினியத்துக்கே அசையாதது, இந்த அடுப்புக்கா அசையும்?

சூடேற நேரமாகும். அதுவரைக்கும் நான் ஒண்ணு சொல்றேன், எங்களுக்குள்ள ஏன் பேச்சு நின்னுச்சுன்னு. உங்ககிட்டச் சொன்னா என்ன. கேட்டா சிரிப்பீங்க. சம்பந்திக்கு இந்த ரூம்ல டீ குடிக்கற வழக்கம். வருவாரு, அதோ அந்தக் கட்டைக் கால் ஸ்டூல்லயே உக்காருவாரு, ஒரு பக்கமாச் சாஞ்சுக்கிட்டு. குடிப்பாரு, போவாரு. ஒரு வார்த்தை கிடையாது. ஒரு நாளு மொதலாளி, கணக்குப்புள்ள, எல்லாரும் நின்னுட்டிருக்காங்க. இவரு போயி எல்லாத்தையும் விட்டுட்டு, டம்ளரக் கீழ வெச்சிட்டு, என் மூஞ்சியப் பாத்து மெதுவாச் சொல்றாரு: "சம்பந்தி, உங்க டீல சர்க்கரை ஜாஸ்தி."

அத்தனை பேரு முன்னாடி மேடம். பொண்ணக் குடுத்த வீட்லேந்து வந்தவரு, ஒரு வருஷமா ஓசில குடிச்சவரு, அன்னிக்குக் குறை கண்டுபிடிக்கறாரு. கேலி பண்றாருன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நான் சொன்னேன், ஜாஸ்தியா இருந்தா இனிமே இங்க குடிக்க வேணாம், உங்க உலைலயே காச்சிக்கோங்க. அவரு ஏதோ சொல்ல வாயத் திறந்தாரு. நான் திரும்பிக்கிட்டேன். அதோட போச்சு. பொண்ணு கேட்டா, டீக்கா சண்டை போட்டீங்கன்னு. டீ இல்லம்மா, மரியாதைன்னேன். ஒரு மாசம் ஆச்சு. அந்த ஸ்டூலு சும்மாவே கெடக்கு. அதுல வேற யாரும் உக்கார வரமாட்டேங்கறாங்க, சாயுதுன்னு. அவருக்கு மட்டும் எப்படித்தான் சாயாம இருந்துச்சோ.

என்ன வாசனை இது... சர்க்கரை கருகற வாசனை. பிஸ்கட்டுகிட்டேந்து வருது. கறுத்துப் போச்சு பாருங்க.

இடுக்கியால அமுக்கிப் பாக்கணுமா? சரி.

அட. தொட்டேன், கொட்டிடுச்சே. பொலபொலன்னு... தொட்டதுக்கே ஒரு கோரு இப்படியா? நான் சொல்லல? இதுக்குத்தான் அவனுக்குப் பிஸ்கட்டுன்னு பேரு வெச்சோம். இப்ப என்னோடதப் பாருங்க. அமுக்கறேன். நல்லா அமுக்கறேன். இடுக்கிதான் வளையுது. அசைஞ்சுதா? அப்படியே இருக்கு மேடம். எவ்வளவு சூட்டுலயும் என்னோடது அப்படியே...

அப்படியே இருக்கு.

ம்.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். இருங்க. நானே சொல்லிக்கறேன். கொஞ்சம் உக்காந்துக்கறேன். அலுமினியம் அதச் சுத்தி ஓடுது. ஆறுது. சுருங்குது. அந்தச் சகதிக் கட்டம், தெம்பே இல்லாத நேரம். சுருங்கிச் சுருங்கி உள்ள வரணும் அது. உள்ள பிஸ்கட்டு இருந்தா, அந்தச் சூட்டுல சர்க்கரை கருகி, பிடி விட்டு, மணலு நொறுங்கி, வான்னு வழி விட்டுடும். உள்ள நான் இருந்தா? நான் எங்க நகருவேன். நான் கல்லு. அதால உள்ள வரவும் முடியாது, சுருங்காம இருக்கவும் முடியாது. அப்ப எங்க பலவீனமோ அங்க... கழுத்துல...

இத்தனை நாளா நான்தான் புடிச்சு இழுத்துட்டிருந்தேனா?

போட்டுக் காட்டினேனே உங்களுக்கு. ஏறி வேற நின்னேனே.

மேடம், காலைல அவரு உங்ககிட்ட என்ன சொன்னாரு? இப்பவாவது சொல்லுங்க. "எங்க கோரு ரூம்ல ஒரு முட்டாளு சர்க்கரையத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கான்"னு சொன்னாரா? சொல்லட்டும், தப்பில்ல, அவருக்குப் பாத்தியதை இருக்கு.

...என்னது?

"கோரு நல்ல கோரு, அவரு மாதிரி வேலை செய்ய ஆளு கெடையாது. கோளாறு என் உலைலதான் இருக்கணும், அப்படியே எழுதிக்கோங்க"ன்னா?

அப்படியா சொன்னாரு. அவ்வளவு பேசினாரா? அவரு வாயிலேந்து அத்தனை வார்த்தை ஒரே மூச்சுல வந்து நான் கேட்டதே இல்லையே. பொண்ணு பாக்க வந்தப்பக் கூட இல்ல.

அந்த ஆலோசகர் வந்தப்ப அவருதான் மேடம் கூடவே சுத்தினாரு. சர்க்கரை எதுக்குன்னு அவருக்குத் தெரியாம இருக்குமா? உக்காந்து டீயக் குடிச்சிருக்காரு, இனிப்பு ஏறிக்கிட்டே போறதப் பாத்திருக்காரு, டின்னப் பாத்திருக்காரு. மொதலாளி முன்னாடி என்னைக் காட்டிக் குடுக்கவும் கூடாது, எனக்குத் தெரியவும் தெரியணும். அதுக்கு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அது. "உங்க டீல சர்க்கரை ஜாஸ்தி." நான் என்ன சொன்னேன்? உலைல காச்சிக்கோங்கன்னேன். அவரு வாயத் திறந்தப்பத் திரும்பிக்கிட்டேன். இன்னிக்கு உங்ககிட்ட காலைலேந்து என்னென்ன சொன்னேன் அவரைப் பத்தி. பழைய இரும்புச் சாமான் கடைக்காரன்னேன். அதெல்லாம் எழுதிட்டீங்களா? எழுதலையே?

சரி, இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க. சர்க்கரை போட்டு ஒரு கோரு, போடாம ஒரு கோரு, ரெண்டுக்கும் ஒரே உலைலேந்து ஊத்திப் பாக்கணுமா? பாப்போம். பாக்காமலே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இருந்தாலும் உங்க கண்ணுக்கும் தெரியணும்ல. இப்பவே கலக்கறேன். டின்னு எங்க... இந்தா. கொஞ்சந்தான் இருக்கு, மிச்சமெல்லாம் எங்க வயித்துல இருக்கு. அளவு கேட்டா பிஸ்கட்டு ஒரு டம்ளரக் காட்டுவான். இந்த டம்ளர்தான்னு நெனைக்கறேன், நீங்க குடிச்சது. சிலிகேட்ட நான் அதிகமாப் போட்ட அந்த ஒரு கரண்டியக் கொறச்சுடறேன். இந்தக் கலக்கற மெஷினு சத்தம் அப்படித்தான், காதப் பொத்திக்கோங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா மேடம், நான் கெட்டவன் இல்ல. மொதலாளி உடையாத கோரு கேட்டாரு. உடையாம இருக்கறது நல்ல விஷயம்னுதான் நான் நெனச்சேன். வீட்லயும் அப்படித்தான் நெனச்சேன், அவளக் கேளுங்க, என் சம்சாரத்த. "நீங்க ஒரு தடவ வேணாம்னா வேணாம்தான்"ம்பா. நான் அதையும் பெருமைன்னு எடுத்துக்கிட்டேன். இப்ப யோசிச்சுப் பாத்தா, அவ அத எந்தக் குரல்ல சொல்லுவான்னு... பதமா இருக்கா பாருங்க, ஒரு பிடி எடுத்து அமுக்கினா கை ரேகை தெரியணும். மேடம்?

மேடம்?

போயிட்டாங்களா. சொல்லிட்டுப் போகலாம்ல. டீய அப்படியே வெச்சிட்டு, கோரை மட்டும் எடுத்துக்கிட்டு... எந்தக் கோரை? என்னோடத. தரையப் பேத்ததை. அதோ போறாங்க, உலைகிட்டத்தான் போறாங்க. அவருகிட்டக் குடுக்கறாங்க. அவரு திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. ஏன் சிரிக்க மாட்டேங்கறாரு? ஒரு தடவ சிரிச்சிட்டாருன்னா எனக்கு நிம்மதியா இருக்கும். இந்தப் பக்கம் பாக்கறாரு. கையுறையக் கழட்டறாரு. எதுக்குக் கழட்டறாரு இப்ப? வர்றாரா?

வர்றாரு.

எங்க வெச்சேன் அந்தப் பாத்திரத்த... அடுப்புல தீ இருக்கு, நல்ல வேளை.

வாங்க சம்பந்தி. வாங்க, உள்ள வாங்க. கால வெக்கும்போது பாத்து, அங்க ஒரு பள்ளம் புதுசு. அதக் குடுங்க இப்படி, எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க அந்தச் சனியன. ஸ்டூல்லயா உக்காரறீங்க... சரி, உங்க ஸ்டூலுதானே, உக்காருங்க.

நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நான்தான் பேசணும். நீங்க பேசறதும் இல்லதான், இருந்தாலும் சொல்லி வெக்கறேன். அந்த அம்மாகிட்ட உங்க உலைதான்னு எதுக்குச் சொன்னீங்க? கேட்டா, சொன்னேன்னு சொல்லுவீங்க. நான் இதோ மொதலாளி ரூமுக்குப் போறேன். கோருதான்னு நானே சொல்லிடறேன், அவங்க சொல்றதுக்கு முன்னாடி. அப்புறம் பைய எடுக்கச் சொன்னா எடுக்கறேன். பொண்ணுகிட்டயும் நான்தான் சொல்லுவேன், நீங்க முந்திக்கக் கூடாது. கலவை ரெடியா இருக்கு, ஒரு கோரு அடிச்சு வெச்சிட்டுத்தான் போவேன். பிஸ்கட்டு மாதிரிதான் வரும். தூக்கும்போது நீங்க ஒரு பக்கம் புடிச்சுக்கோங்க, உடைஞ்சிடும்.

இந்தாங்க, டீ. குடிங்க.

இல்ல, போடல. இருந்ததையெல்லாம் மணல்ல கொட்டிட்டேன்.

எப்படி இருக்கு? கண்றாவியா இருக்கா?

எனக்கும்.